வாசகரை ஆக்கும் எழுத்துப் பட்டறை

நூல் ஒன்றை எழுதி முடிப்பது ஒரு தவம். அதனை அச்சேற்றுவது மற்றொரு தவம். இவ்விரண்டையும் முடித்துக் களைத்து அமர்ந்த எழுத்தாளருக்கு மூன்றாவதொரு தவமும் காத்திருக்கிறது. அச்சகத்திலிருந்து வந்திறங்கிய பிரதிகளை, அவற்றை உண்மையாக வாசிக்கக்கூடியவர் கையிற் சேர்ப்பதே அது. ஈழத்துத் தமிழ் நூல்கள் இன்று பெரும்பாலும் 300 அல்லது 500 பிரதிகளாகவே அச்சிடப்படுகின்றன. அந்தச் சிறு தொகையுங்கூட முழுவதும் செலவாகாமல், எழுதியவர் வீட்டு அலுமாரியின் மேலும் கட்டிலின் கீழும் கட்டுக்கட்டாகக் கிடப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். வீட்டு நகையை ஈடுவைத்து அச்சுக்கூலி கொடுத்தவர்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஆகவே இஃது இலக்கியப் பிரச்சினை மட்டுமன்று; குடும்பப் பிரச்சினையுமாகும். குடும்பத்தார் படிக்கும் இப்பக்கத்தில் இதனைப் பேச முற்படுவதற்கு அதுவே காரணம்.

குடாநாட்டிலேயே நிலைமை இதுவென்றால், தீவகத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பண்ணைக் கடல்வழிப் பாதையைக் கடந்தால் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் பஸ் வண்டியிற் போகலாம். அங்கிருந்து இன்னொரு கடல்வழிப் பாதை புங்குடுதீவுக்குக் கொண்டு சேர்க்கும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே கதி. நெடுந்தீவுக்குக் கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் நிச்சயமன்று. அரிசியும் சீமெந்தும் மருந்தும் போகும் படகிற் புத்தகக் கட்டுக்கு இடம் கிடைத்தாலும், அக்கரையில் அதனை அவிழ்த்துப் பார்க்கும் ஆவல் யாருக்கு உண்டு என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடையாக எழுத்தாளர் பலர் இப்பொழுது ஒரு வழியைக் கைக்கொள்கின்றனர். புத்தகத்தைச் சுமந்து சென்று ‘வாங்குங்கள்’ என்று கேட்பதற்குப் பதிலாக, எழுத்துப் பட்டறை ஒன்றை நடத்துகின்றனர். பிள்ளைகளையும் இளைஞர்களையும் கூட்டி, எழுதும் முறையைச் சொல்லிக் கொடுத்து, எழுதவைத்துத் திருத்துகின்றனர். அந்த முயற்சியினூடே அவர்களது நூலும் அறிமுகமாகிறது. இவ்வழி நல்லதா? தீவகத்துக்குப் பொருந்துமா? எவ்வாறு நடத்தினாற் பயன்படும்? எவ்வாறு நடத்தினாற் பழி சேரும்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

வெளியீட்டு விழாவும் அதன் எல்லையும்

நமது நாட்டில் நூலொன்று பிறந்தவுடன் நடப்பது வெளியீட்டு விழா. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை என ஒழுங்காக நிகழ்ச்சி நகரும். ஊர்ப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதி பெறுவார். பின்னர்ச் சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். அழைக்கப்பட்டவர் மேடையேறிக் கடித உறையை நீட்டி, நூலைப் பெற்று, புகைப்படத்துக்கு நின்று இறங்குவார். ஆய்வுரை தொடங்கும் வேளையில் மண்டபம் பாதி காலியாகிவிடும். இறுதியில் நூலாசிரியர் ஏற்புரையில் நன்றி கூறுவார்.

இவ்வழக்கத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. கல்யாண வீட்டு அன்பளிப்பைப் போன்று இதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் முறை இருக்கிறது. ஊரவர் ஒருவரின் முயற்சிக்கு ஊரே தோள் கொடுக்கும் பண்பு அது. அச்சகக் கடனை அடைப்பதற்குப் பலருக்கு அதுவே துணையாக இருந்திருக்கிறது. ஆனால் அங்கே உறையைக் கொடுத்தவர் எழுத்தாளரைக் கௌரவித்தாரேயன்றி நூலைத் தேர்ந்து வாங்கவில்லை என்பதை மறுக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுசென்ற பிரதி, முன்னைய விழாவிற் பெற்ற பிரதியின் மேல் வைக்கப்படுகிறது. கடன் அடைந்தது, வாசகர் கிடைக்கவில்லை. அடுத்த நூலுக்கு மறுபடியும் அதே உறவினரையும் நண்பரையுமே நாட வேண்டியிருக்கிறது.

நயினாதீவு சொல்லும் பாடம்

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் என்பது நயினாதீவே என்று கருதும் அறிஞர் உளர். அக்காப்பியத்து ஆபுத்திரன் கதையை வாசகர்கள் அறிவார்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பாண்டி நாட்டில் மழை வளம் பெருகி, பசித்தவர் இல்லாமற் போகவே, பசியுள்ள சாவக நாட்டை நாடிக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஆளில்லாத் தீவில், கையிற் பாத்திரத்தோடு தனியே நின்றான். பிறருக்கு ஊட்ட வழியில்லாத பாத்திரத்தைத் தன் வயிற்றுக்காக மட்டும் வைத்திருக்க மனம் ஒப்பாமல், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான்.

உண்பார் இல்லாத இடத்தில் அமுதசுரபியும் வெறும் ஓடே. வாசிப்பார் இல்லாத ஊரில் நூலின் கதியும் அதுவே. பாத்திரத்தை எத்தனை முறை துலக்கினாலும், எத்தனை மேடையில் வைத்துப் பாராட்டினாலும் உண்பவர் தோன்றமாட்டார். பசி வேண்டும். அறிவுப் பசி தானே பிறப்பதுமுண்டு. பெரும்பாலும் யாரேனும் ஒருவர் அருகிருந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுத்துப் பட்டறையின் உண்மையான வேலை இந்தப் பசியை எழுப்புவதே. விற்பனை அதன்பின் வரும் காரியம்.

கற்பித்தவரே நூலும் தந்தார்

இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணுவோர் யாழ்ப்பாணத்துச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கத்தை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் அச்சியந்திரம் வாங்கி வந்தார். இம்மூன்றின் வரிசையை நோக்குக: முதலிற் கேட்பவர் கூட்டம், அடுத்து எழுத்தறிந்த மாணாக்கர், அதன் பின்னரே அச்சுப் புத்தகம். பாலபாடங்கள் பிறந்தபோது அவற்றைப் படிக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். அவரது நோக்கம் நூல் விற்பனையன்று, சமயப் பணியே. எனினும், வாசகரை ஆக்கிய பின் நூலை ஆக்குதல் என்னும் முறையை அவரளவு தெளிவாக நடத்திக் காட்டியவர் நம்மில் அரியர்.

அதே நூற்றாண்டில், இங்கிலாந்தின் பெரும் நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது கதைகளைத் தாமே மேடையேறி வாசித்தார். 1853ஆம் ஆண்டு டிசம்பரில் பேர்மிங்காம் நகரில் நற்பணி ஒன்றுக்காக அவர் வாசித்தபோது, ஓரிரவைத் தொழிலாளருக்கென்றே குறைந்த கட்டணத்தில் ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டார். 1858 முதல் அதனைத் தொழிலாகவே மேற்கொண்டு, கடல் கடந்து அமெரிக்காவிலும் வாசித்தார். கேட்டவர் நூலை நாடினர். நூலைப் படித்தவர் மறுபடியும் கேட்க வந்தனர். எழுதுவதைக் கூடியிருந்து கற்கும் பட்டறை முறையோ, அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் 1936ஆம் ஆண்டு ஒழுங்கான வடிவம் பெற்றது. மாணவர் எழுதியதை எல்லாரும் படித்து, குறைநிறை பேசித் திருத்துவதே அதன் அடிப்படை. தமிழகத்திலும் ரா. கி. ரங்கராஜன் கதை எழுதும் கலையை அஞ்சல் வழியாகக் கற்பித்து, ‘எப்படிக் கதை எழுதுவது?’ என்ற நூலையும் தந்தார்.

நமது மண்ணில், எழுத்தை வாசகரின் வாசலுக்கே கொண்டுசென்றவர் டொமினிக் ஜீவா. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கிய அவர், பிரதிகளைக் கையிற் சுமந்து, தெருத்தெருவாக நடந்து, நேரிற் பேசி விற்றார். அவரிடம் சஞ்சிகை வாங்கியவருக்கு அதனோடு ஓர் இலக்கிய உரையாடலும் கிடைத்தது. குரும்பசிட்டியைச் சேர்ந்த கனக செந்திநாதனை ‘நடமாடும் நூல்நிலையம்’ என்றே மக்கள் அழைத்தனர். நூலைப் பற்றி நேரிற் பேசும் மனிதர் ஒருவர் இருந்தாலன்றி நூல் நகராது என்பதை இப்பெரியோர் உணர்ந்திருந்தனர்.

ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளையும் இங்கே நினைவு கூர்தல் தகும். ‘தமிழ்த் தூது’ எழுதிய கை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகச் சென்ற கையுமாகும். தமிழைக் கேட்டறியாத அவைகளிற் பேசிப் பேசியே அவர் தமது ஆய்வுகளுக்கு வாசகரைத் தேடிக்கொண்டார். 1952இல் ‘தமிழ்க் கலாசாரம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1966இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவரது இடையறாத பயணங்களே பெருங் காரணம். தீவகத்தார் கடலைத் தடையாக எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

புங்குடுதீவில் ஒரு வட்டம்

பட்டறை என்னும் பெயர் இல்லாமலே பட்டறையின் பயனைத் தந்த ஒரு வட்டம் தீவகத்திலேயே இருந்தது. புங்குடுதீவில் 1935இற் பிறந்த மு. தளையசிங்கம் ஆசிரியத் தொழில் புரிந்தவர். ‘புதுயுகம் பிறக்கிறது’ என்ற அவரது சிறுகதைத் தொகுதி 1965இல் வெளிவந்தது. ‘போர்ப்பறை’ 1970இல் வந்தது. அவருடைய எழுத்தும் வாழ்வும் வேறல்ல. தாழ்த்தப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இற் புங்குடுதீவில் நடந்த அறப்போராட்டத்தில் அவர் முன்னின்றார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். ‘மெய்யுள்’ அவர் மறைந்த பின்னரே நூலாயிற்று.

அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் பேசினார்கள், வாதிட்டார்கள், வாசித்தார்கள், எழுதினார்கள். தம்பியாரான மு. பொன்னம்பலம் கவிஞராகவும் விமரிசகராகவும் வளர்ந்தார். 1950இல் அதே தீவிற் பிறந்த சு. வில்வரத்தினம் தளையசிங்கத்தைத் தமது வழிகாட்டியாகக் கொண்டார். ஆயினும் வில்வரத்தினத்தின் கவிதை தளையசிங்கத்தின் நிழலாக அமையவில்லை. மக்கள் இடம்பெயர்ந்து வெறிச்சோடிய தமது ஊரை ‘காற்றுவழிக் கிராமம்’ என்ற தொகுதியில் அவர் தமக்கேயுரிய குரலிற் பதித்தார். கவிதையை இசையோடு சொல்லிக் கேட்போரைக் கட்டிப்போடும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. அவர் வாயாற் கேட்டபின் நூலைத் தேடியவர் பலர். 2006இல் அவர் மறைந்தார்.

இதிலிருந்து நாம் பெறத்தக்க உண்மை ஒன்றுண்டு. தளையசிங்கத்தின் நூல்களை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது விளம்பரமன்று. அவரோடு உட்கார்ந்து பேசி எழுதக் கற்றவர்களே அவற்றை அடுத்த தலைமுறையிடம் கையளித்தனர். ஓர் எழுத்தாளர் பத்துப் பேரை எழுதவைத்தால், அந்தப் பத்துப் பேரும் அவர் நூலின் ஆயுட்கால வாசகராகின்றனர். தாமே எழுதிப் பார்த்தவருக்குத்தான் பிறர் எழுத்தின் அருமை தெரியும். துலா மிதித்தவனுக்கன்றோ நீரின் அருமை தெரியும்?

நடத்தும் முறை

இனி, தீவகத்திற் பட்டறை நடத்த விரும்பும் எழுத்தாளருக்கும் அவரை அழைக்க விரும்பும் ஊரவருக்கும் சில யோசனைகள் கூறுவோம்.

முதலில் இடம். பாடசாலையும் நன்று, ஊர் வாசிகசாலை அதனினும் நன்று. பாடசாலையிற் பிள்ளை மாணவனாகவே அமர்ந்திருப்பான். வாசிகசாலையில் வாசகனாக அமர்வான். அதிபருடனோ சனசமூக நிலையத்தாருடனோ முன்கூட்டியே பேசி, படகு வந்து திரும்பும் வேளைக்கு ஏற்ப நேரத்தை வகுத்தல் வேண்டும். இருபது அல்லது இருபத்தைந்து பேருக்கு மேற் சேர்த்தல் ஆகாது. ஒவ்வொருவர் எழுதியதையும் கேட்டுத் திருத்துவதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். இருநூறு பிள்ளைகளை வெயிலில் வரிசையாக இருத்தி உரையாற்றுவது கூட்டமாகும், பட்டறையாகாது. கொல்லன் பட்டறையில் ஒவ்வொரு இரும்பையும் தனித்தனியே காய்ச்சித்தான் அடிக்கிறார்கள்.

அடுத்தது, தொடங்கும் விதம். எழுத்தாளர் தம் வரலாற்றையும் பெற்ற பரிசுகளையும் விரித்துரைப்பதை விட்டு, தமது நூலில் ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாக வாசித்துக் காட்டுதல் நலம். அதன்பின், அந்தப் பக்கத்தின் முதற் கையெழுத்துப் படியையும் காட்டலாம். எந்த வரியை வெட்டினார், எந்தச் சொல்லை மூன்று முறை மாற்றினார் என்பதைக் கண்ணாற் கண்ட பிள்ளை, ‘எழுத்தாளருக்கும் பிழை வரும், திருத்தினால் எழுத்து அழகாகும்’ என்று அறிந்துகொள்ளும். அந்த ஓர் அறிவு அச்சத்தைப் போக்கிவிடும். நூலின் மீதிப் பக்கங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்ற ஆவலும் உடன் பிறக்கும்.

மூன்றாவது, எழுதும் பொருள். ‘நான் ஒரு பேனை’, ‘நான் விரும்பும் தலைவர்’ என்பவற்றைப் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பலமுறை எழுதிவிட்டார்கள். அவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள பொருளையே கொடுத்தல் வேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு முருகைக்கல் அடுக்கிய மதில் உண்டு. வெளியில் மேயும் குதிரைகள் உண்டு. கடல் கடந்து செய்தி அனுப்பப் புறா வளர்த்ததாகச் சொல்லப்படும் பழைய புறாக்கூடு உண்டு. நயினாதீவுப் பிள்ளைக்கு நாகபூஷணி அம்மன் திருவிழாவில் வந்திறங்கும் சனசமுத்திரமும், விகாரைக்கு வரும் யாத்திரிகரும், விழா முடிந்த மறுநாள் ஊரிற் படியும் அமைதியும் உண்டு. ஊர்காவற்றுறைப் பிள்ளைக்குத் துறைமுகமும், கடலுள் நிற்கும் கோட்டையும், பாட்டனார் சொன்ன பாய்க்கப்பற் கதைகளும் உண்டு.

நான்காவது, திருத்தம். இதுவே பட்டறையின் உயிர். ‘அன்று பலமான காற்று வீசியது’ என்று ஒரு பிள்ளை எழுதுகிறது என்போம். ‘எந்தக் காற்று, தம்பி?’ என்று எழுத்தாளர் கேட்டாற் போதும். தீவகத்துப் பிள்ளை காற்றின் பெயரை அறியும். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். ‘சோழகம் தொடங்கிவிட்டது’ என்று அந்த வரி மாறிய கணத்திலே, காற்றோடு பருவமும் கடலும் தொழிலும் தகப்பனாரின் கவலையும் அந்த எழுத்திற் புகுந்துவிடுகின்றன. தன் வீட்டுச் சொல்லுக்கு இலக்கியத்தில் இடமுண்டு என்று கண்ட பிள்ளை, அன்று முதல் நூல்களை வேறு கண்ணாற் பார்க்கும்.

ஐந்தாவது, பின்தொடர்ச்சி. ஒரு நாள் வந்து போவது மழைத்தூறல் போன்றது. மண் நனையும், வேர் நனையாது. பட்டறையில் எழுதியவற்றைச் சேர்த்துப் பிள்ளைகள் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று தயாரித்து வாசிகசாலையில் வைக்கலாம். கையெழுத்துச் சஞ்சிகை நமது முன்னோர் நன்கு அறிந்த பயிற்சிக்கூடம். எழுத்தாளர் இரண்டு மூன்று மாதத்தின் பின் மறுபடியும் சென்று, அந்தச் சஞ்சிகையைப் பற்றியே பேசுதல் வேண்டும். கடல் இடம் தராவிட்டாற் கடிதமோ தொலைபேசியோ துணை செய்யும்.

விற்பனை மேசை எங்கே?

இப்பொழுது இடர்ப்பாடான கேள்விக்கு வருவோம். பட்டறைக்குச் சென்ற எழுத்தாளர் தமது நூலை விற்கலாமா? விற்கலாம் என்பதே எமது கருத்து. உழைத்து எழுதிய நூலை விலைக்குக் கொடுப்பதில் வெட்கம் எதற்கு? தச்சனும் கொல்லனும் தம் கைப்பொருளை விற்கக் கூசுவதில்லை. ஆனால் விற்கும் இடமும் விதமும் முக்கியம்.

பட்டறை முழுவதும் முடிந்த பின்னரே நூல் மேசைக்கு வருதல் வேண்டும். அந்த மேசையிற் பிற எழுத்தாளரின் நூல்கள் சிலவும் இருத்தல் அழகு. நூல் வாங்கினாற்றான் பட்டறைக்கு அனுமதி என்பதோ, வகுப்பாசிரியர் மூலம் பட்டியல் போட்டுப் பணம் சேர்ப்பதோ எவ்வகையிலும் தகாது. ஆசிரியர் சொல்லைத் தட்ட முடியாத பிள்ளை வீட்டுக்கு வந்து அழும். அன்றைய தொழிலுக்குக் கடல் இடம் கொடாத தகப்பனார் கடன் வாங்கிக் கொடுப்பார். அந்த நூலை அவ்வீட்டில் எவரும் அன்போடு திறக்கமாட்டார். வாங்கியவர் பெயரை வாசித்தலும் கூடாது. வாங்காதவர் முகம் அதிற் சுருங்கும். வாசிகசாலைக்கு ஒரு பிரதியும் பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதியும் இலவசமாகக் கொடுத்தல் கடமை. பணமில்லாத பிள்ளையும் நூலை எடுத்துப் படிக்க அதுவே வழி.

ஒரு கணக்கையும் பார்ப்போம். இருபத்தைந்து பேர் கூடிய பட்டறையில் ஐந்து பிரதிகள் விலைபோயின என்று வைத்துக்கொள்வோம். பஸ் செலவு, படகுச் செலவு, ஒரு நாட் சம்பளம் ஆகியவற்றை அந்த ஐந்து பிரதியின் வருவாய் ஈடுசெய்யாது. ஆகவே, விரைவிற் பணம் ஈட்ட விரும்புபவருக்கு இவ்வழி ஏற்றதன்று. அவருக்கு வெளியீட்டு விழாவே மேல். பட்டறையில் விற்ற ஐந்து பிரதிகளும் ஐந்து வீடுகளில் வாசிக்கப்படும் என்பதே இதன் இலாபம். அடுத்த நூல் வரும்போது அந்த ஐவரும் தாமாகவே கேட்டு வருவர். உறையும் மேடையும் வேண்டியதில்லை.

இதிலே ஊரவருக்கும் ஒரு பொறுப்புண்டு. எழுத்தாளரை அழைப்பவர், பயணச் செலவையும் சிறு சன்மானத்தையும் கொடுத்தல் முறை. நாதஸ்வர வித்துவானுக்கும் பந்தற்காரருக்கும் பேசிய தொகையைக் கொடுக்கும் நாம், எழுத்தாளரிடம் மாத்திரம் ‘தமிழுக்காக வாருங்கள்’ என்று சொல்வது நீதியன்று. சன்மானம் கிடைத்தால், நூலை வலிந்து விற்க வேண்டிய நெருக்கடி அவருக்கு இராது. பட்டறையும் தூய்மையாக நடக்கும்.

தம்மைப் போலவே எழுதும் சீடர்களை ஆக்க முயல்வதும் எழுத்தாளர் தவிர்க்க வேண்டிய ஒன்று. தமது நடையைப் பிள்ளையின் கையில் திணிப்பவர் வாசகரையும் ஆக்கார்; எழுத்தாளரையும் ஆக்கார். புங்குடுதீவு வட்டத்திலிருந்து தனிக்குரல்கள் பிறந்தமையே அவ்வட்டத்தின் பெருமை.

வீட்டார் செய்யத்தக்கவை

1990களின் தொடக்கத்தில் யுத்தத்தினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர் சிலர். கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் தங்கிவிட்டவர் பலர். பூட்டிய வீடுகளோடு அவ்வீடுகளிலிருந்த புத்தகங்களும் அழிந்தன. இன்று அங்கே வளரும் பிள்ளைக்குக் கையிற் தொலைபேசி உண்டு. பக்கத்து வீட்டில் வாசிக்கும் அண்ணன் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கிற் கிடைக்கின்றன. நெடுந்தீவிலிருந்தும் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். ஆக, நூல் இல்லாமையன்று இன்றைய குறை. ‘இதைப் படித்துப் பார், பிள்ளை’ என்று சொல்லும் மனிதக் குரல் இல்லாமையே குறை. பட்டறைக்கு வரும் எழுத்தாளர் அந்தக் குரலாக இருத்தல் கூடும்.

தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் இதிற் பெரும் பங்குண்டு. பிள்ளை பட்டறையிலிருந்து வந்து, ‘ஆச்சி, அந்தக் காலத்திற் பாய்வள்ளத்தில் எப்படிப் போனீர்கள்?’ என்று கேட்டால், அடுக்களை வேலையைச் சற்று நிறுத்தி அதற்கு விடை சொல்லுங்கள். குடிநீருக்கு நடந்த தூரத்தையும், கடலுக்குப் போனவர் திரும்பும்வரை காத்திருந்த இரவுகளையும் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி உங்கள் நாவில் இருக்கிறது. அதைப் பிள்ளை எழுதி, இரவு விளக்கடியில் உங்களுக்கே வாசித்துக் காட்டும்போது, அவ்வீட்டில் ஒரு வாசிகசாலை திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெளிநாட்டில் வாழும் தீவகத்து அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடல் நடத்துகின்றன. வழவழப்பான கடதாசியிற் சிறப்பு மலர்கள் வெளியிடுகின்றன. அச்செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், ஊர்ப் பாடசாலையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று எழுத்துப் பட்டறைகள் நடக்கும். அவற்றில் எழுதப்பட்ட பிள்ளைகளின் ஆக்கங்களையே உங்கள் மலரிற் பிரசுரிக்கலாம். ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் கடந்தவருக்கு, தம் ஒழுங்கையும் கிணற்றடியும் இன்று எப்படி இருக்கின்றன என்று பத்து வயதுப் பிள்ளை எழுதியதைப் படிப்பதினும் இனியது வேறென்ன?

எழுத்தாளப் பெருமக்களே! அடுத்த நூல் அச்சகத்திலிருந்து வந்ததும், அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்குமுன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவையுங்கள். பத்துப் பிரதிகளையும், கொப்பிகள் சிலவற்றையும், பென்சிற் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போங்கள். பத்துப் பிரதியும் விலைபோகாமல் நீங்கள் திரும்பி வரவும் நேரலாம். கொண்டுபோன கொப்பிகள் நிறைந்து திரும்பினால், உங்கள் பயணம் வீண்போகவில்லை என்று அறியுங்கள்.